தறியும் திரையும்: நெசவு வடிவங்களும் எழுத்துச் சித்திரங்களும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்துச் சித்திரம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

விசைப்பலகையில் இருக்கும் எழுத்துகள், எண்கள், புள்ளி, கோடு, நட்சத்திரக்குறி ஆகியவற்றை மட்டும் வரிசை வரிசையாக அடுக்கி உருவாக்கும் படத்தை. பலரும் ஆஸ்கி ஓவியம் என்ற பெயரில் இதை அறிந்திருப்பார்கள். ஆஸ்கி என்பது 1963இல் வெளியான எழுத்துக்குறித் தரம். அதில் 128 இடங்கள் உண்டு. இன்றைய வடிவத்தில் இடைவெளியையும் சேர்த்து 95 குறிகளை அச்சிடலாம். அந்த 95க்குள் ஒரு முகம், ஒரு கப்பல், ஒரு மழைநாள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட வேண்டும். கணினிக்கு முன்பே தட்டச்சுப் பொறியில் இது தொடங்கிவிட்டது. ஃப்ளோரா ஸ்டேசி 1898இல் தட்டச்சு செய்த வண்ணத்துப்பூச்சி இன்றும் பேசப்படுகிறது.

இதற்கும் துணிக்கும் என்ன உறவு? இரண்டுமே கட்டம் கட்டமாகத் தெரிவதாலா?

கட்டம் ஒரு காரணம்தான். கட்டத்தை மட்டும் பார்த்தால் தரையில் பதித்த ஓடும் குறுக்கெழுத்துப் போட்டியும்கூட உறவாகிவிடும்.

என் பார்வையில் ஆழமான ஒற்றுமை இதுதான்: இரண்டுமே வாயால் சொல்லக்கூடிய படங்கள். ஒரு நீர்வண்ண ஓவியத்தைத் தொலைபேசியில் சொல்லி இன்னொருவரை அப்படியே வரையவைக்க முடியாது. ஒரு குறுக்குத் தையல் பூவை முடியும். "மூன்று சிவப்பு, இரண்டு வெள்ளை, மறுபடி மூன்று சிவப்பு, அடுத்த வரிசை" என்று சொல்லிக்கொண்டே போனால், மறுமுனையில் இருப்பவர் அதே பூவைத் தைத்து முடித்துவிடுவார். எழுத்துச் சித்திரமும் அப்படியே. வானொலி அலைவரிசையிலும் தொலை அச்சுப்பொறியிலும் ஒவ்வோர் எழுத்தாகப் பயணம் செய்து, அடுத்த ஊரில் முழுப்படமாகக் காகிதத்தில் இறங்கியது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. திரையின் படப்புள்ளிக்கு நிறம் மட்டுமே இருக்கிறது, உருவம் இல்லை. தையலுக்கும் எழுத்துக்கும் உடம்பு இருக்கிறது. குறுக்குத் தையலின் ஒரு கட்டத்துக்குள் இரண்டு நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. எழுத்துச் சித்திரத்தின் ஒரு கட்டத்துக்குள் ஒரு சாய்கோடோ ஒரு வளைவோ உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில் நின்றால் படம் தெரிகிறது. கிட்டே போனால் அந்த உடம்பு தெரிகிறது. எழுத்துச் சித்திரத்தைப் புகைப்படத்தைவிடத் துணிக்கு நெருக்கமானது என்று நான் கருதுவது இதனால்.

பாவும் ஊடையும் பூச்சியமும் ஒன்றும்தான் என்கிறார்களே, சரியா?

கட்டமைப்பு அளவில் சரி. நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு கேள்விதான்: மேலே இருப்பது எது? பாவு என்றால் கறுப்புக் கட்டம், ஊடை என்றால் வெள்ளைக் கட்டம் என்று குறித்தால் எளிய நெசவு இப்படி இருக்கும்:

■□■□■□■□
□■□■□■□■
■□■□■□■□
□■□■□■□■

ஒவ்வொரு வரியையும் ஒரு கட்டம் தள்ளி, இரண்டு மேலே இரண்டு கீழே என்று மாற்றினால் சாய்கோட்டு நெசவு:

■■□□■■□□
□■■□□■■□
□□■■□□■■
■□□■■□□■

நெசவாளர் கட்டத்தாளில் குறிப்பதும் ஏறக்குறைய இதேதான். மேலே நான் தந்தது நெசவுக் குறிப்பா, எழுத்துச் சித்திரமா? இரண்டுமே. ஒரு பொருளை வேறொன்றோடு ஒப்பிடுகிறோம் என்ற உணர்வே இந்த இடத்தில் எனக்கு மறைந்துவிடுகிறது.

சில நிறங்களே இருந்தும் இத்தனை சாயல்கள் எப்படி வருகின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

வெள்ளைப் பாவு, கறுப்பு ஊடை மட்டும் கொண்ட தறியில் சாம்பல் நிற நூலே கிடையாது. ஆனாலும் பட்டில் நெய்த பழைய முகப் படங்களில் கன்னத்தின் மென்மையான நிழல்கூடத் தெரியும். எட்டு இழைகளைக் கொண்ட சாட்டின் நெசவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுச் சந்திப்புகளில் ஒன்றில் மட்டும் கறுப்பு மேலே வந்தால் மிக இளஞ்சாம்பல். இரண்டில் வந்தால் சற்றுக் கருமை. ஏழு வரை போனால் கிட்டத்தட்ட இருட்டு. நூல் இரண்டே, சாயல் ஏழு. கலப்பது சாயம் அன்று, நம் கண்.

எழுத்துச் சித்திரத்தில் புள்ளி இளஞ்சாயல், நட்சத்திரக்குறி இடைச்சாயல், இரட்டைக்கோட்டுக் கட்டம் (#) போன்ற அடர்ந்த குறி கருஞ்சாயல். மை ஒரே கறுப்புதான். கட்டத்துக்குள் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதே சாயலைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் நோல்டனும் லியோன் ஹார்மனும் 1966இல் ஒரு புகைப்படத்தைக் கணினியால் அளந்து, அதன் சாயல்களுக்கு ஏற்பச் சிறு குறிகளை அடுக்கி, சுமார் 12 அடி அகலப் படத்தை உருவாக்கினார்கள். கிட்ட நின்றால் குறிகளின் குவியல். விலகி நின்றால் படுத்திருக்கும் ஒரு பெண்.

1981இல் வந்த ஐபிஎம் கணினியின் குறித்தொகுப்பில் நான்கு நிரப்புக் கட்டங்கள் இருந்தன:

░▒▓█

முதல் மூன்றிலும் முன்னிறம் கால், அரை, முக்கால் என்று பின்னிறத்தின்மேல் சிதறி நிற்கிறது. சிவப்பு முன்னிறத்தை நீலப் பின்னிறத்தின்மேல் அரைக்கட்டமாக இட்டால் ஊதா தெரியும். சிவப்புப் பாவில் நீல ஊடையை ஓட்டினாலும் அதே ஊதா. வண்ண எழுத்துக்குறிகளால் திரையில் படம் வரைந்த, ஆன்சி ஓவியர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் 16 முன்னிறங்களை வைத்துக்கொண்டு இந்த வழியில் பல மடங்கு சாயல்களை எடுத்தார்கள். அவர்களில் யாரும் தறிமுன் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கட்டமும் இரண்டு நிறமும் கையில் இருந்தால் யாராக இருந்தாலும் இந்த வழிக்குத்தான் வந்து சேர்வார்கள்.

ஜக்கார்டு தறிதான் உலகின் முதல் கணினி என்பது உண்மையா?

இல்லை. அதற்குக் கூட்டவும் தெரியாது, ஒரு முடிவைப் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்கவும் தெரியாது. ஆனால் அது செய்தது சாதாரணம் அன்று: வடிவத்தைத் தறியிலிருந்து பிரித்துத் துளையிட்ட அட்டையில் ஏற்றியது. பாசீல் பூஷோன் 1725இலேயே துளையிட்ட காகிதத்தால் தறியை இயக்கிப் பார்த்திருந்தார். பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் அதை முழுமையாக்கினார். துளை இருந்தால் கம்பி உள்ளே போகும், அதற்குரிய பாவு நூல் உயரும். துளை இல்லாவிட்டால் இல்லை. ஜக்கார்டின் உருவத்தையே 1839இல் பட்டில் நெய்தபோது சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்ல்ஸ் பாபேஜ் அந்தப் படத்தின் ஒரு பிரதியை வைத்திருந்தார். தான் வடிவமைத்த பகுப்பாய்வு எந்திரம் என்ற கணக்கிடும் பொறிக்கும் துளை அட்டைகளையே திட்டமிட்டார். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதுபோல இந்த எந்திரம் இயற்கணித வடிவங்களை நெய்யும் என்று ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதினார்.

துளை அட்டை அதோடு நிற்கவில்லை. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித்தின் அட்டைகள் எண்ணிக்கைக்குப் பயன்பட்டன. 1928இல் ஐபிஎம் 80 பத்திகள் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. பின்னாளில் கணினித் திரைகளும் ஒரு வரிக்கு 80 எழுத்துகள் என்று அமைந்தன. ஆகவே 80 எழுத்து அகலத்தில் ஒருவர் டிராகன் வரைந்தபோது, அந்த அகலம் அவருக்கு அட்டையின் வழியாக வந்த சொத்து. அட்டை என்ற எண்ணமோ தறியில் பிறந்தது.

துணியின் வடிவத்தை எழுத்தாகவே எழுதிவைத்த மரபு எங்காவது உண்டா?

உண்டு, அதுவும் மிக அழகாக. காஷ்மீரில் கம்பளத்துக்கும் கானி சால்வைக்கும் தாலிம் என்ற குறியீட்டு எழுத்து இருக்கிறது. நீளமான தாள் துண்டுகளில், எத்தனை முடிச்சு, எந்த நிறம் என்பதை மட்டும் சிறு குறிகளாக வரிசை வரிசையாக எழுதியிருப்பார்கள். பூவின் படம் அதில் எங்கும் இருக்காது. ஒருவர் அதை உரக்க வாசிக்க, தறியின்முன் அமர்ந்திருப்பவர்கள் கேட்டு முடிச்சிடுவார்கள். குரலாக வந்த பூ கையில் கம்பளமாகிறது.

தாலிமின் வழி கணினிக்காரர்களுக்கு உடனே பிடிபடும். "சிவப்பு, சிவப்பு, சிவப்பு, சிவப்பு" என்று நான்கு முறை எழுதாமல் "நான்கு சிவப்பு" என்று எழுதுவது. பழைய படக் கோப்புகள் இடத்தை மிச்சம்பிடிக்க இதே உத்தியைக் கையாண்டன. கம்பளி பின்னுபவர்களின் குறிப்புகளும் இந்த இனமே: ஒரு தையலுக்கு ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் ஓர் எண், ஒரு நட்சத்திரக்குறி, "நட்சத்திரத்திலிருந்து வரிசை முடியும்வரை திரும்பச் செய்க". நிரலாளர் இதை மடக்கு என்பார். பின்னுபவருக்கு அது பழகிப்போன மாலைநேர வேலை.

குறுக்குத் தையலுக்கான அச்சிட்ட வரைபடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குறி. பக்கம் முழுக்கக் குறிகள். பெயரை மறைத்துவிட்டுக் காட்டினால் எழுத்துச் சித்திரம் என்றே சொல்வீர்கள்.

இந்த இரண்டையும் தெரிந்தே இணைத்த கலைஞர்கள் இருக்கிறார்களா?

முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஆனி ஆல்பர்ஸ். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் நெசவு கற்றவர். தட்டச்சுப் பொறியின் எழுத்துகளைத் திரும்பத் திரும்ப அடித்து, துணியின் மேற்பரப்பு போன்ற தோற்றங்களை உருவாக்கும் பயிற்சிகளை 1965இல் வெளியான தன் நெசவு நூலில் சேர்த்திருக்கிறார். அந்தப் பக்கங்களில் எழுத்துக்குப் பொருள் கிடையாது. அது சொரசொரப்பாகவோ மிருதுவாகவோ இருக்கிறது, அவ்வளவுதான். கண்ணால் தொடுவது என்றால் என்ன என்பதை அந்தப் பயிற்சிகளைப் பார்த்தால் புரியும்.

எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. 1886, 1887ஆம் ஆண்டுகளில் லியோன் நகரில் ஒரு பிரார்த்தனைப் புத்தகம் முழுவதையும் பட்டில் நெய்தார்கள். எழுத்து, படம், ஓரக்கோலம் எல்லாமே கறுப்பும் சாம்பலுமான நூல். அச்சு மை ஒரு துளிகூட இல்லை. இலட்சக்கணக்கில் அட்டைகள் தேவைப்பட்டன.

நெசவில் பூவும் பறவையும் ஏன் கோணல்மாணலாகின்றன? எழுத்துச் சித்திரத்திலும் அப்படித்தானே?

வளைவு இரண்டிலும் கடன் வாங்கித்தான் வர வேண்டும். கிலிம் எனப்படும் தட்டை நெசவு விரிப்புகளில் இரண்டு நிறங்கள் நேர்க்குத்தாகச் சந்தித்தால் அங்கே பிளவு விழும். நீளமான பிளவு விரிப்பைப் பலவீனப்படுத்தும். அதனால் வடிவத்தைப் படிப்படியாகவோ சாய்வாகவோ நகர்த்துகிறார்கள். நாம் வியக்கும் படிக்கட்டு வைரங்கள் பல அப்படிப் பிறந்தவை. எழுத்துச் சித்திரக்காரரிடமும் சாய்கோடு ஒரே சரிவில்தான் இருக்கிறது. அதைவிடப் படுத்த சரிவு வேண்டுமென்றால் அடிக்கோடு, புள்ளி, மேற்கோள்குறி என்று பல குறிகளை ஏற்ற இறக்கமாக ஒட்டவைக்க வேண்டும். தடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருவரின் நடையும் உருவாகிறது.

ஒரு சொல்லைத் துணி வடிவமாக மாற்ற முடியுமா?

முடியும், வீட்டிலேயே செய்து பாருங்கள். ஹிதோமேசாஷி என்பது ஜப்பானிய ஓட்டுத் தையல் முறை. ஒவ்வொரு கோட்டிலும் தையல், இடைவெளி, தையல், இடைவெளி என்று மாறி மாறி வரும். கோடு தையலில் தொடங்குகிறதா இடைவெளியில் தொடங்குகிறதா என்பது ஒன்றே நம் தேர்வு.

"நூலும் சொல்லும்" என்ற தொடரை எடுப்போம். நூ, லு, ம், சொ, ல், லு, ம் என ஏழு எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்றால் 0010101 கிடைக்கும். 0 என்றால் தையலில் தொடங்குங்கள், 1 என்றால் இடைவெளியில்:

■□■□■□■□
■□■□■□■□
□■□■□■□■
■□■□■□■□
□■□■□■□■
■□■□■□■□
□■□■□■□■

இவை குறுக்குக் கோடுகள். கட்டத்தாளில் நெடுக்குக் கோடுகளுக்கும் இன்னொரு சொல்லைக் கொண்டு இப்படியே செய்தால், தையல்கள் ஒன்றோடொன்று முட்டிப் படிகளும் மூடிய தீவுகளும் தோன்றும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு குறுக்குத் தையலும் ஒரு நெடுக்குத் தையலும் மட்டுமே வந்து சேர்வதால், கோடுகள் கிளை பிரிவதில்லை. எனவே அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறம் பெறாமல் இரண்டே நிறங்களால் முழுவதையும் நிரப்பிவிடலாம். 1980களின் வீட்டுக் கணினியான கொமடோர் 64இல் ஒரே வரி நிரலால் இடச்சாய்வு, வலச்சாய்வு என்ற இரண்டு கோடுகளைத் தற்செயலாக அடுக்கித் திரை நிறையப் புதிர்ப்பாதை வரவழைப்பார்களே, அதற்கு இது அக்காள் முறை.

தமிழ் எழுத்துகளை வைத்து இப்படி வரைய முடியுமா?

ஆஸ்கி முறையில் அப்படியே முடியாது. அந்தக் கலைக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும். நம்முடைய "ர" ஒல்லி, "ணை" அகலம். "கொ" என்பது கணினிக்குள் இரண்டு குறிகள், கண்ணுக்கு மூன்று உருவங்கள், நாவுக்கு ஓர் எழுத்து. பாவு நூல்களின் இடைவெளி ஒரே சீராக இல்லாத தறிபோல வரிசை நெளிந்துவிடும். மெய்க்குறியும் கொம்பும் இல்லாத அகர எழுத்துகளில் அகலம் ஒத்தவற்றைப் பொறுக்கிக்கொண்டால் ஓரளவு சீராக வரும்.

ஆனால் எழுத்தால் சித்திரம் செய்வது நமக்குப் புதிதன்று. பாடலைப் படத்துக்குள் அடக்கும் சித்திரகவியில் இரட்டை நாகபந்தம் என்றொரு வகை உண்டு. இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும். உடல் நெடுக இரண்டு பாடல்கள் ஓடும். உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கும் எழுத்து இரண்டு பாடல்களுக்கும் பொது. அதை அமைத்த புலவர் செய்த கணக்கு, பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தின் கணக்கேதான். நூல் என்ற ஒரே சொல்லால் இழையையும் புத்தகத்தையும் அழைக்கும் மொழி இது. நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் வைத்து நூல் உருவாவதை விளக்குகிறார். அந்த உவமையை நான் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். கட்டத்தாளில் ஒரு சொல்லைத் தையலாக மாற்றிப் பார்த்த அன்றுதான் அது எனக்கு உள்ளபடியே விளங்கியது.

ஓர் ஆஸ்கி படத்தை அப்படியே தைக்கவோ பின்னவோ செய்யலாமா?

அளவு விகிதத்தைக் கவனிக்காவிட்டால் முகம் சப்பையாகிவிடும். பழைய திரையெழுத்து 8 படப்புள்ளி அகலமும் 16 உயரமும் கொண்டது, அதாவது உயரம் இரு மடங்கு. குறுக்குத் தையல் சதுரம். ஆகவே ஓர் எழுத்தை மேலும் கீழுமாக இரண்டு தையல்களாகக் கொள்ளுங்கள். கம்பளிப் பின்னலில் சிக்கல் நேர்மாறு: தையல் உயரத்தைவிட அகலமானது. 10 சென்டிமீட்டருக்கு 22 தையல், 30 வரிசை வருகிறது என்றால், 30க்கு 30 என்று சதுரத்தாளில் போட்ட வட்டம் 13.6 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாகப் படுத்துவிடும். முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்துவிட்டு, அந்த விகிதத்தில் கட்டம் போட்ட தாளில் வரையுங்கள்.

புகைப்படத்தைக் கொடுத்தால் மென்பொருளே மாற்றித் தருகிறதே, கையால் எதற்கு?

மாற்றித் தரும். தையல் வரைபடமாக்கினால் தனித்தனியே சிதறிய ஒற்றைத் தையல்களாக வரும். எழுத்தாக்கினால் இரைச்சலாக வரும். மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் பார்க்கிறது. எந்தக் கட்டத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பதில்தான் கைவேலை இருக்கிறது.

அப்படியானால் வேறுபாடே இல்லையா?

இருக்கிறது, பெரிதாகவே. நெய்த துணியில் வடிவமும் பொருளும் ஒன்று. வடிவத்தைத் தப்பாகப் போட்டால் துணியே நிற்காது. ஓர் இழை நெடுந்தூரம் பின்னாமல் மிதந்தால் விரலில், நகையில் மாட்டி அறுந்துவிடும். எழுத்துச் சித்திரத்தில் வரி முழுவதும் வெறுமையாக விட்டாலும் எதுவும் சரிந்து விழாது. துணிக்குப் பின்பக்கம் உண்டு. அங்கே வடிவம் தலைகீழாகவோ நூல் முடிச்சுகளாகவோ இருக்கும். திரைக்கு அது கிடையாது. துணி உடலைப் போர்த்துகிறது, வியர்வையை வாங்குகிறது, கிழிகிறது. எழுத்துச் சித்திரம் வேறுவிதமாகக் கிழிகிறது: எழுத்துரு மாறிய அந்த நொடியில் மொத்தமும் குலைகிறது.

பார்வையற்றவர்களுக்கு இந்தப் படங்கள் எப்படிச் சென்று சேரும்?

துணி விரலுக்குத் தெரியும். எழுத்துச் சித்திரம் தெரியாது. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைப் "புள்ளி, புள்ளி, நட்சத்திரக்குறி, சாய்கோடு" என்று நிமிடக்கணக்கில் படித்துக்கொண்டே போகும். தாலிமை வாசிப்பவர் எதிரே நெய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் அந்த எண்ணிக்கை பூவாகிறது. இங்கே கேட்பவருக்கு அப்படி எதுவும் கையில் இல்லை. அதனால் எழுத்துச் சித்திரத்தை வெளியிடும்போது அதன் முன்னால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "கீழே 12 வரிகளில் எழுத்துகளால் வரைந்த படம்: இறக்கை விரித்த ஒரு கொக்கு, இடப்பக்கம் பார்க்கிறது". படத்தைத் தாண்டிச் செல்ல ஓர் இணைப்பும் கொடுத்தால் இன்னும் நல்லது.